கடல்கோளும் அணைகோளும்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாகச் சரிந்துவிடும் கோடைகளில் நம் நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வெளியாகும். பண்ணவாடிப் பக்கம், சேறு காய்ந்து வெடித்துக் கிடக்கும் நிலத்தின் நடுவே ஒரு கல் நந்தி. அதே நீர்ப்பரப்பிலிருந்து தலைகாட்டும் கிறித்தவ ஆலயமொன்றின் இரட்டைக் கோபுரம். படத்தின் கீழே நாலைந்து வரிகள். ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தி வெளியே தெரிகிறது, மக்கள் ஆர்வத்துடன் வந்து பார்த்துச் செல்கின்றனர் என்பது செய்தி. கர்நாடகத்து அணைகள் நிரம்பி நீர் வந்து சேர்ந்ததும், நந்தி மறுபடி மூழ்கியது என்று இன்னொரு செய்தி. அவ்விடத்தில் மனிதர் குடியிருந்தனர் என்பது அரை வரியில் வந்து அரை வரியில் போய்விடும். நந்திக்குக் கிடைத்த படம்கூட நாயம்பாடிக்குக் கிடைக்கவில்லை.

இதைப் பத்திரிகைக்காரர்களின் குறையாகச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்வதற்கில்லை என்று நமக்கு உறைக்கவைத்தவர், நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற ஒரு மாணவி. அன்றைய பாடம் முச்சங்க வரலாறு. இறையனார் களவியல் உரை கூறும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். தலைச்சங்கம் இருந்தது 4440 ஆண்டு, அதில் வீற்றிருந்த புலவர் 549 பேர். இடைச்சங்கம் 3700 ஆண்டு, புலவர் 59 பேர். அடுத்து, சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் எண்ணிச் சொல்லும் கடல்கொண்ட நாடுகள்: ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு, ஆக 49 நாடுகள். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வரும், மனனம் செய்துகொள்ளுங்கள் என்றோம். கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து படித்த அந்தப் பெண் எழுந்து கேட்டார்: "எங்க பாட்டனார் ஊருங்கூட தண்ணிக்குள்ளதாங்க ஐயா கெடக்குது. அதெல்லாம் எந்தப் பாடத்துல வருமுங்க?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு கசந்தது.

எண்ணிப் பாருங்கள். ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட சில விலங்கினங்களின் ஒற்றுமைக்கு விளக்கம் தேடி, 1864இல் லெமூரியா என்றொரு நிலப்பரப்பைக் கற்பித்தார். கண்டங்கள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்டதும் அறிவியலுக்கு அந்தக் கற்பிதம் தேவையில்லாமல் போயிற்று. நமக்கோ இன்றளவும் தேவைப்படுகிறது. பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்ட தொலைவு 700 காவதம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதற்குக் காரணம் இந்திர விழாவைக் கைவிட்டமையே என்று மணிமேகலை சொல்வதை ஆய்ந்து கட்டுரை படிக்கிறோம். கடல் கொண்டதைப் பற்றி நம்மிடம் இத்தனை துல்லியம். ஆனால் 1934இல், நம் கொள்ளுப்பாட்டன்மார் காலத்தில், அச்சகமும் நிழற்படக் கருவியும் அஞ்சலகமும் இருந்த காலத்தில் அணை கொண்ட ஊர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? காவேரிபுரம், நாயம்பாடி, சாம்பள்ளி, பண்ணவாடி என்று நாலு பெயர். அவற்றிலும் சில, இடம்பெயர்ந்த மக்கள் மேட்டில் அமைத்துக்கொண்ட புதிய ஊர்களின் பெயராக நீடிப்பதால்தான் நம் காதில் விழுகின்றன.

மேட்டூர் அணையைப் பற்றித் தெரிந்தவற்றுக்குக் குறைவில்லை. சென்னை மாகாணமும் மைசூரும் 1924இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. மறு ஆண்டே கட்டுமானம் தொடங்கியது. 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. நீளம் 5300 அடி, உயரம் 214 அடி, நீர்த்தேக்க மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வடிவமைப்பைத் தந்தவர் கர்னல் எல்லிஸ். நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயர். ஒரு கையெழுத்தின் பெயரை ஏரிக்கு வைத்தார்கள். ஏரிக்கு அடியில் போனவற்றின் பெயர்களை வைக்க அதில் இடமிருக்கவில்லை. விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஊர்ப் பெயர்களையும் தெருப் பெயர்களையும் மாற்றிக்கொண்டே இருக்கும் நமக்கு ஸ்டான்லியின் பெயர் உறுத்தவே இல்லை.

அணை நிரம்பினால் நீர் பரவும் பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். இந்த எண்ணைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். அது வெறும் பள்ளமன்று. ஆற்றங்கரை ஊர்கள் வழக்கமாக எங்கே இருக்குமோ அங்கே இருந்தவை அவை. வண்டல் படிந்த கரைக்காடு, கிணறு, களம், பட்டி, சுடுகாடு, ஆற்றைக் கடக்கும் பரிசல் துறை எல்லாம் சேர்ந்த நிலம். அணை வந்ததும் ஆறு ஏரியாயிற்று. எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இருந்த எதிர்க்கரை, கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் போயிற்று. பண்ணவாடிக்கும் தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கும் இடையிலும், கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும் இடையிலும் பரிசலிலும் படகிலும் மக்கள் போய்வந்த பாதைகள் அந்தப் பிரிவின் எச்சங்களே. ஆறு இருந்த காலத்தில் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள், ஏரி வந்த பிறகு சாவுச் செய்தி சொல்லவும் நீர்ப்பரப்பைக் கடந்தாக வேண்டியிருந்தது. நீர் வற்றும் பருவத்தில் வெளிப்படும் நிலத்தில் இன்றும் உழவர் இறங்கிக் கேழ்வரகும் எள்ளும் நிலக்கடலையும் விதைக்கின்றனர். பாட்டன் பட்டா வைத்திருந்த மண்ணில் பேரன், நீர் ஏறுமுன் அறுத்துவிட வேண்டுமே என்ற பதைப்புடன் ஒரு போகம் எடுக்கிறான். நந்தியைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் காமிராவைக் கொஞ்சம் திருப்பினாலே இது தெரியும்.

இங்கே நம் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். மேட்டூர் இல்லையென்றால் டெல்டா ஏது, தஞ்சைத் தரணியில் சோறு ஏது என்பார்கள். ஜூன் 12இல் மதகு திறந்து மலர் தூவும்போது கடைமடைவரை ஏற்படும் நிம்மதியை அறியாமல் பேசுகிறோம் என்றும் சொல்வார்கள். அறிவோம். நாமும் அந்தச் சோற்றைத்தான் உண்கிறோம். அணை கட்டியிருக்கக் கூடாது என்று 90 ஆண்டு கழித்து வழக்காடுவது நம் நோக்கமன்று. நாம் ஆட்சேபிப்பது ஒரு சொல்லை. தமிழாசிரியர் என்ற முறையில் சொல்லோடு சண்டையிடும் உரிமையாவது நமக்கு இருக்கிறது.

அந்தச் சொல் 'தியாகம்'. நீரில் மூழ்கிய ஊர்களைப் பற்றி யாரேனும் பேச எழுந்தால் அடுத்த நொடியே அது வந்து விழும். அம்மக்களின் தியாகத்தால் அன்றோ நாடு செழித்தது! கொடுப்பவன் மனமுவந்து கொடுத்தால் அது தியாகம். சிபி தன் தசையை அரிந்து வைத்ததை அப்படிச் சொல்லலாம். வேறொருவர் வந்து அரிந்து எடுத்துச் சென்றிருந்தால் அதற்குப் பெயர் வேறு. நாயம்பாடியிலும் காவேரிபுரத்திலும் எடுத்துச் சென்றார்கள். எடுத்தது 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் காலம். அச்சட்டப்படி, ஒரு நிலம் பொதுக்காரியத்துக்குத் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பே முடிந்த சான்று. அது பொதுக்காரியந்தானா என்று கேட்பதற்கில்லை. ஆட்சேபம் தெரிவிக்க 1923இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆட்சேபத்தைக் கேட்டு முடிவு செய்வதும் அதே அரசுதான்.

இழப்பீடு கொடுத்தார்கள் அல்லவா என்பது அடுத்த வாதம். சந்தை விலையும், கட்டாயமாக எடுப்பதற்காக அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்தும் சட்டம் வகுத்தவை. அந்தப் பதினைந்துக்குச் சட்ட மொழியில் 'ஆறுதல் தொகை' என்று பெயர். பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கே அந்த ஆறுதல். அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர், களத்தில் அளந்த தானியத்தை ஆண்டுக்கூலியாகப் பெற்ற ஏகாலி, நாவிதர், குயவர், தச்சர், ஆடு மேய்த்தவர், பரிசல் வலித்தவர் ஆகியோருக்கு நிலத்தில் சட்டவழி உரிமை ஏதும் கிடையாது; ஆகவே அவர்கள் எதையும் இழக்கவில்லை என்பது சட்டத்தின் முடிவு. ஊர் என்பது அவர்களையும் சேர்த்ததுதான். நிலம் கைமாறினால் நிலக்காரரிடம் பணமாவது மிஞ்சும். ஊரே போய்விட்டால் ஊரூழியம் செய்தவரிடம் எது மிஞ்சும்? வாழ்வாதாரம் இழந்த நிலமற்ற குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கும் சட்டம் இந்நாட்டில் 2013இல்தான் வந்தது. மேட்டூர் திறந்து 79 ஆண்டுகள் கழித்து. இத்தனை காலம் தப்பாகக் கணக்கிட்டோம் என்பதை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. நம் இலக்கிய மேடைகளோ இன்னும் தியாகத்தில் நிற்கின்றன.

இலக்கியத்துக்கு வருவோம், நமக்கு உண்மையான வழக்கு அங்கேதான். காவிரியைத் தமிழ் பாடியதுபோல் வேறோர் ஆற்றைப் பாடவில்லை. சிலப்பதிகாரத்தில் தொடங்கிச் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' வரை ஒரு நீண்ட மரபு இருக்கிறது. அம்மரபில் ஆற்றின் அழகெல்லாம் கல்லணைக்குக் கீழேதான் பெரும்பாலும் விளைகிறது. மருதத்துக்கு நம் உரைநடையில் கிடைத்த செல்வாக்கு, மேட்டூருக்கு மேலே உள்ள மானாவாரிக் காட்டுக்குக் கிடைக்கவில்லை. தஞ்சையின் அக்கிரகாரமும் வாய்க்காலும் வெற்றிலைக் கொடிக்காலும் நமக்கு மனப்பாடம். அவற்றுக்கு நீர் எந்த ஊரின் மேல் தேங்கி நின்றுவிட்டு வருகிறது என்று கேட்கத் தோன்றியதில்லை. கேட்டால் கரிகாலனைக் காட்டுகிறோம். காட்டை அழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலை அவன் புகழாகவே சொல்கிறது, உண்மை. ஆனால் கல்லணை நீரைத் திருப்பிவிடும் அணை. தேக்கி வைக்கும் அணையன்று. அது எந்த ஊரையும் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளவில்லை. கல்லணைக்குப் பாடிய பரணியை அப்படியே மேட்டூருக்கு மாற்றிப் பாடுவது புலமையுமில்லை, நேர்மையுமில்லை.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று கூறமாட்டோம். வைகை அணைக்காக ஊரிழந்த மக்களைப் பற்றி வைரமுத்து எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அந்நாவலின் நடைமீது நம்மில் பலருக்கு மனத்தாங்கல் உண்டு. மிகையுணர்ச்சி என்பார்கள், இருக்கலாம். ஆயினும் வைகையின் நீருக்கடியில் மனிதர் இருந்தனர் என்று லட்சக்கணக்கான வாசகர்களுக்குச் சொன்ன புத்தகம் அது. நடை சரியில்லை என்று சொன்ன நாம், சரியான நடையில் என்ன எழுதினோம்? மேட்டூருக்கு அப்படி ஊரறிந்த ஒரு படைப்பின் பெயரை நம்மில் எவரேனும் தயங்காமல் சொல்ல முடியுமா? கன்னடத்தில் நா. டிசோசா, பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர், சராவதி அணையில் தீவாகிப்போன ஒரு குடும்பத்தைப் பற்றி 'துவீபா' எழுதினார். கிரீஷ் காசரவள்ளி அதை 2002இல் திரைப்படமாக்கினார். மலையாளத்தில் சாரா ஜோசப், தாமோதர் பள்ளத்தாக்கின் பாஞ்செட் அணைத் திறப்பு விழாவில் நேருவுக்கு மாலையிட்டதற்காகத் தன் சமூகத்தாரால் விலக்கிவைக்கப்பட்ட சந்தால் பெண் புத்னியை 2019இல் நாவலாக்கினார். கேரளத்தில் இருந்துகொண்டு ஜார்க்கண்டின் துயரத்தை ஒருவர் எழுத முடிகிறது. சேலத்தில் இருந்துகொண்டு மேட்டூரை எழுத நம்மால் முடியவில்லை.

மறதி இயல்பானது, எல்லா நாட்டிலும் இதே கதைதான் என்றும் சிலர் சமாதானம் சொல்வார்கள். அப்படியன்று. வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்று ஒரு சிற்றூர் இருந்தது. ஒரு தேவாலயம், ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், சில வீடுகள், சுற்றிலும் பண்ணைகள். பேச்சு வெல்ஷ் மொழி. லிவர்பூல் மாநகராட்சி தன் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் வேண்டும் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் 1957இல் தனிச் சட்டம் நிறைவேற்றிக்கொண்டது. வேல்ஸின் உறுப்பினர் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பள்ளத்தாக்கில் இருந்தவர் 67 பேர், வீடிழந்தவர் 48 பேர். மறுபடி வாசியுங்கள்: 48 பேர். நம் கணக்கில் அது ஒரு தெரு. 1965 அக்டோபரில் திறப்பு விழா நடந்தபோது எதிர்ப்பாளர் கூச்சலில் பேச்சு காதில் விழவில்லை; சில நிமிடங்களில் விழாவை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மைக் ஸ்டீபன்ஸ் என்ற இளைஞர், பிற்காலத்தில் இலக்கிய அறிஞராக அறியப்பட்டவர், கடற்கரைச் சாலையோரத்து இடிந்த சுவரொன்றில் 'ட்ரவெரினை நினைவில் கொள்' என்ற பொருள்பட இரண்டே சொற்களை வண்ணத்தில் எழுதிவைத்தார். அந்தச் சுவரை 2019இல் சிலர் இடித்தபோது மக்கள் கூடிக் கல்லெடுத்து மறுபடி கட்டினர். அச்சொற்களை நாடெங்கும் சுவர்களில் எழுதினர். லிவர்பூல் மாநகர மன்றம் 2005இல் மன்னிப்புக் கேட்டது. ஏரிக்குப் பெயர் லின் கெலின். ஊரின் பெயரே ஏரிக்கு.

மன்னிப்பால் பள்ளத்தாக்கு திரும்பி வரவில்லை. ஆயினும் 48 பேருக்காக ஒரு மொழி 60 ஆண்டுகள் கோபத்தைக் காத்துவைத்திருக்கிறது. ஒப்பீட்டில் ஒரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. அங்கே எடுத்தவர் வேறு மொழியினர், இழந்தவர் வேறு மொழியினர். கோபத்துக்கு எதிரி வெளியே இருந்தான். மேட்டூரில் கட்டியவன் வெள்ளைக்காரன் என்றாலும், பயனடைந்தவரும் இழந்தவரும் தமிழரே. நம் காவிரிக் கோபமெல்லாம் கர்நாடகத்தை நோக்கியே பாய்வதற்கு இது வசதியாகிவிட்டது. தீர்ப்பாயம் 1990இல் அமைந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இவை ஒவ்வொன்றின் போதும் டி.எம்.சி. கணக்கில் தமிழினமே நிபுணராகிவிட்டது. மேல்மடைக்காரன் கீழ்மடைக்காரனுக்குச் செய்யும் அநீதியைப் பற்றி எத்தனை கவிதைகள்! கீழ்மடைக்காக மேல்மடையில் மூழ்கியவனைப் பற்றிப் பேசினால் அந்த அணிவகுப்பு கலைந்துவிடும் என்ற அச்சமோ என்னவோ.

கடைசியாக, இது இலக்கியத்தின் வேலையா, வரலாற்றுத் துறையின் வேலையா என்ற கேள்வி. 49 நாடுகளின் பெயரை எழுதிவைத்தது வரலாற்றுத் துறையன்று, ஓர் இலக்கிய உரையாசிரியர். தமிழ்த் துறைகள் காவிரியைப் பற்றி எழுதவைத்த எம்.ஃபில். ஏடுகள் எத்தனையோ, அவற்றில் 'காவிரி வருணனை' இருக்கும், 'காவிரி உவமை' இருக்கும். கொளத்தூருக்குப் பேருந்தேறிப் போய் ஒரு கிழவியிடம் உட்கார்ந்து ஊர்ப் பெயர், காட்டுப் பெயர், குலதெய்வத்தின் பெயர் கேட்டு எழுதச் சொன்ன நெறியாளர்கள் எத்தனை பேர்? நாம் சொன்னதில்லை. இப்போது எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டது. அணை திறந்தபோது ஐந்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூற்றைந்துக்கு மேல். வீட்டுக் கூரையைப் பிரித்து வண்டியில் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்தவர் இனி ஒருவரோ இருவரோ. பார்த்தவர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது ஆகிவிட்டது.

அந்த மாணவியிடம் சென்ற விடுமுறைக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தனுப்பினோம். பாட்டிக்கு நினைவிருப்பதை, வரிசையெல்லாம் வேண்டாம், சொன்னபடியே எழுதி வாருங்கள் என்றோம். பதினொரு பக்கம் எழுதி வந்திருக்கிறார். முதல் நான்கு பக்கமும் கிணறுகளின் பெயர். எந்தக் கிணறு உப்பு, எந்தக் கிணறு இனிப்பு, எதில் யார் இறைக்கக் கூடாது என்பது உட்பட. ஐந்தாம் பக்கத்தில், ஆற்றோரம் இருந்த ஒரு புளியமரத்துக்கு இழப்பீடு எவ்வளவு என்று பாட்டி தன் தந்தையிடம் கேட்டுக் கொண்டிருந்ததும், அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனதும் எழுதப்பட்டிருக்கின்றன.